டம்ளர் படம்

அடி அண்ணாமலை,
புதன் இரவு

அன்புள்ள தென்றல் அப்பாவுக்கு,

ரேவதி எழுதுவது. நானும் தென்றலும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அந்த மஸ்கட் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுகிறேன், நீங்களும் "சரி விடு, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்களோடு வேலை பார்க்கும் அப்பாதுரை அண்ணன் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. தென்றலைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஹெட்மாஸ்டர் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். நடையாய் நடந்தேன். ஏழு வயசாகியும் பேச்சு வரவில்லை, ஆட்டிசம் என்று டாக்டரே எழுதியிருக்கிறார், வீட்டிலேயே இருக்கட்டுமே என்றுதான் முதலில் சொன்னார். பிறகு போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஊரே சாமின்னு கும்புடுது, நீ என்னம்மா ஒண்ணாங்கிளாஸ்ல ஒக்கார வெக்கறேன்ற" என்று சிரித்தார். "சாமின்னா கோயில்ல இருக்கட்டும் சார், நான் கொழந்தைக்கு பெஞ்சில எடம் கேக்கறேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. எந்தப் பிள்ளையையும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்கிற சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் கூட்டி வா, உட்கார்கிறாளா பார்ப்போம் என்றார்.

திங்கட்கிழமை பௌர்ணமி. அங்கேதான் சிக்கல்.

அந்த வீடியோவைப் பற்றி உங்கள் அண்ணன் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார். யார் தலையைக் கண்டாலும் முடியைத் தடவிப் பார்ப்பாளே, அதே பழக்கம்தான். கிரிவலம் வந்த ஒரு அம்மா நம் ஜூஸ் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். இவள் போய்த் தலையில் கை வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அந்த அம்மா பூவோடு வந்து, பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று இவள் காலில் விழுந்தார். அவ்வளவுதான். பேசாத குழந்தை, மலையைப் பார்த்தபடி ஆடிக்கொண்டே இருக்கிறது, சித்தர்தான் என்று பேச்சு பரவிவிட்டது. போன பௌர்ணமிக்கு உங்கள் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு, விபூதி பூசி உட்கார வைத்துவிட்டார். கூட்டமும் ஜாஸ்தி, வியாபாரமும் ஜாஸ்தி. அதைத்தான் யாரோ வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காய்ச்சல் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அவர்தானே. "இஸ்கூல்ல பைத்தியம்னு கல்லு உடுவானுங்க. இங்க கால்ல உழறாங்க. எது மரியாதைன்னு நீயே சொல்லும்மா" என்று கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போகிறவர்களைப் பார்த்தவள்தானே நானும்.

அவர் கேட்டதற்குப் பதில் அந்தப் பௌர்ணமி சாயங்காலமே கிடைத்தது. டவுனில் தென்றலுக்குப் பயிற்சி கொடுக்கும் கவிநிலா டீச்சர், பேச்சுக்குப் பதிலாக, படம் ஒட்டிய அட்டைகளைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டியிருக்கிறார். சோறு, டம்ளர், பாத்ரூம். வேண்டியதை எடுத்துக் காட்ட வேண்டும். நாம் கையைப் பிடித்துக் காட்டினால்தான் காட்டுவாள், தானாக ஒருநாளும் காட்டியதில்லை. நான் உள்ளே எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே பரபரப்பு. வந்து பார்த்தால் என் பிள்ளை டம்ளர் அட்டையைக் கயிற்றோடு இழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி, "சொம்பு காட்டறாங்க, இந்த வருசம் நல்ல மழைதான்" என்றாள். இன்னொருவர் தன் வீட்டில் தொட்டில் ஆடும் என்றார். உங்கள் அண்ணன், "சத்தம் போடாதீங்க, உத்தரவு வருது" என்று கையமர்த்தினார். சுற்றிலும் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருக்கின்றன. உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. ஒருத்தருக்கும் தோன்றவில்லைங்க.

நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்தாள். முடித்துவிட்டு அந்த அட்டையை என் பக்கமாக ஆட்டினாள், இன்னும் வேண்டுமாம். நம் பிள்ளை தானாகச் சொன்ன முதல் சேதி அது. சந்தோஷப்படக்கூட விடவில்லை. நான் இன்னொரு பாட்டில் எடுக்கத் திரும்பிய நேரத்தில் யாரோ அந்த அட்டையை அறுத்துப் பூஜையில் வைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றெல்லாம் கழுத்தைத் தடவித் தடவித் தேடினாள். நான் ஸ்கெட்ச் பேனாவில் வேறு வரைந்து மாட்டியிருக்கிறேன். இன்னும் அதைத் தொடவில்லை. தொடுவாள், விடாமல் பழக்க வேண்டும்.

வருகிற பௌர்ணமிக்கு ஃப்ளெக்ஸ் போர்டுக்கே சொல்லிவிட்டார் உங்கள் அண்ணன். "செவ்வாக்கெழம போவட்டும், இஸ்கூலு ஓடியா போயிடும்" என்கிறார். முதல் நாளே வரவில்லை என்றால் ஹெட்மாஸ்டர் இதையே சாக்காக வைத்து இல்லை என்றுவிடுவார். உங்கள் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு நான் எதிர்த்துப் பேசினால் அது சண்டையாகிவிடும். நீங்கள் சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் போடுங்கள். என்னிடம் அப்புறம் பேசலாம்.

அண்ணாமலையார் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பிள்ளையைக் கும்பிட வேண்டாம், கூட உட்கார்ந்து படிக்க நாலு பிள்ளைகளைக் கொடுத்தால் போதும் என்றுதான் அவரிடமும் கேட்டிருக்கிறேன்.

இதோடு ஒரு டம்ளர் அட்டை வைத்திருக்கிறேன். பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். லீவில் வரும்போது அவள் உங்களிடம் இதை நீட்டினால், யோசிக்காமல் தண்ணீர் கொடுங்கள்.

உங்கள் போனுக்குக் காத்திருக்கும்,
ரேவதி