கோம்பை நாய் பற்றி நான் வெட்டிய நான்கு வரி

அண்ணாச்சி,

நேற்று உங்கள் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோவண்டி ஆட்டுக்கொட்டகையைக் காலி செய்கிறான். நீங்கள் லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்த என் கட்டுரைதான் படத்தில் இருந்தது. ஓரங்களில் ஈரம் ஏறி எழுத்து கலங்கிவிட்டது. கூடவே அவன் குரல்: "சித்தப்பா, இதை வெச்சிருக்கவா, இல்ல பழைய சாமானோட பங்கார் கடையில போட்டுடவா?" அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதில் என்ன இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. என்ன இல்லை என்பதும் தெரியாது.

கோம்பை நாயின் வரலாற்றை ஞாயிறு மலருக்கு எழுதப்போகிறேன் என்று நான் வந்த அன்று, நீங்கள் தழைக்கட்டின் மேல் உட்கார்ந்து வெள்ளாட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கோம்பை நாய் கருவாயன் என்னைப் பார்த்து உறுமினான். செவலை உடம்பு, மைக்கூட்டில் முக்கி எடுத்தது போல வாய்.

"பத்திரிகைக்காரன்னா அவனுக்கும் ஆகாது போல," என்று சிரித்தீர்கள்.

ஊரிலிருந்து ரயிலில் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டில் வைத்து அவனைக் கொண்டுவந்த கதையைச் சொன்னீர்கள். கண் திறந்த கையோடு குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு அடைத்து, ஆட்டுப்பாலே ஊட்டி வளர்த்தீர்கள். "வெள்ளாட்டைத்தான் இவன் ஆத்தான்னு நெனச்சிட்டிருக்கான், வே. நம்மளையெல்லாம் சும்மா பக்கத்து வீட்டுக்காரனாத்தான் மதிக்கான்." மலையடிவாரத்தில் சிறுத்தைக்கு எதிராக மாட்டையும் ஆட்டையும் காத்த நாய் இது என்று உங்கள் அப்பா சொன்னதைச் சொன்னீர்கள். அதற்கு முந்தியது தெரியாது என்றும் சொன்னீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அந்தத் துண்டு. மந்தையில் ஒரு ஆடு விழுந்துவிட்டால், இந்த நாய் அதன் மேல் நிற்கும், யாரையும் அண்டவிடாது. மேய்ப்பவனின் துண்டை அதன் முன்னால் தரையில் விரித்தால்தான் விலகி வந்து அதில் படுக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆணியில் தொங்கிய உங்கள் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். விரித்தேன். அதுவரை உறுமிக்கொண்டிருந்தவன் வந்து படுத்துத் தலையைக் கால் மேல் வைத்துக்கொண்டான்.

"யார் விரிச்சாலும் சரியா அண்ணாச்சி?"

"துண்டுல எங்க வாடை இருக்கணும். விரிக்கிற கை எவன் கையா இருந்தா அவனுக்கென்ன?"

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கட்டுரையிலும் எழுதினேன். இடம் போதவில்லை, நான்கு வரி குறைக்க வேண்டும் என்றார்கள். பாளையக்காரர் கோட்டையை இந்த நாய்கள் காத்த கதையை ஆசிரியர் விரும்பிக் கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. "சொல்லப்படுகிறது" என்று போட்டு அதை வைத்துக்கொண்டேன். நானே கண்ணால் பார்த்ததை வெட்டினேன்.

"ராசாவுக்கு இடம் இருந்திச்சு, எந்துண்டுக்கு இல்லையாக்கும்," என்றீர்கள், அச்சில் வந்ததைப் படித்துவிட்டு. அதோடு விட்டுவிட்டீர்கள். லேமினேட் செய்து, அந்தத் துண்டு தொங்கும் ஆணிக்கு மேலேயே மாட்டினீர்கள்.

நீங்கள் விழுந்த அன்று முற்பகலில் நான் மாட்டுங்காவில் என் வீட்டில் இருந்தேன். உங்கள் மகன் போனில் அழுதான். நெருளிலிருந்து மாதம் ஒருமுறை வருபவன், கருவாயனுக்கு அவனும் அந்நியன்தான். "அப்பா கொட்டகையில நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்துட்டாரு சித்தப்பா. மூச்சு இருக்கு. நாய் கிட்டயே விடல. ரெண்டு பேரைக் கடிச்சிருச்சு. ஜல்தி வாங்க, உங்களைத்தான் அதுக்குத் தெரியும்."

"இதோ வர்றேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

குர்லாவில் இறங்கி ஹார்பர் பாதை ரயிலுக்குக் காத்திருந்தேன். செம்பூர் தாண்டிய பிறகுதான் துண்டு நினைவுக்கு வந்தது. உடனே கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் கொட்டகை வாசலில் நின்று கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். கருவாயனின் நெற்றியில் ரத்தம். உங்கள் மேல் ஒரு கல்லும் படாதபடி குறுக்கே நின்றிருந்தான். துண்டு வாசலோரத்து ஆணியிலேயே இருந்தது, எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில். எடுத்து விரித்தேன். வந்து படுத்தான்.

உங்கள் கை அதற்குள் குளிர்ந்திருந்தது. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

"எங்கப்பாவைக் கொன்னது அந்த நாய்தான்," என்றான் உங்கள் மகன். பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கறியில் மருந்து கலந்து வைத்தார்கள். உங்கள் துண்டின் மேலேயே கிடந்தான் என்று கேள்விப்பட்டேன். அவனைக் காப்பாற்ற எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது, அண்ணாச்சி.

தவறாக அச்சிட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். இந்தத் திருத்தத்தைப் போட எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. "எதையும் தூக்கிப் போடாதே, நாளைக்கு வர்றேன்" என்று உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குப் படிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எந்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவன் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவானா, தெரியாது. குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் சட்டைப்பையில் இருக்கிறது:

"விழுந்து கிடக்கும் உயிரை இந்த நாய் விட்டு அகலாது. அடித்தாலும் நகராது. அதை வளர்த்தவரின் துண்டை அதன் முன் தரையில் விரித்தால் போதும், விலகி வந்து அதில் படுத்துக்கொள்ளும். துண்டை யாரும் விரிக்கலாம்."