இடது உள்ளங்கையில் ஒரு இண்டிகேட்டர்

இன்று தாம்பரத்தில் செல்போன் கடைக்காரர் என் போனைத் திறந்து வைத்து எதையோ பற்றவைத்தார். உருகும் ஈயத்தின் அந்த வாசனை வந்ததும், பக்கத்தில் நீ நின்று புகையை ஊதித் தள்ளுவதுபோலவே இருந்தது. "ஸ்பீக்கர் கேக்குதா சார்?" என்றார். "கேக்குது" என்றேன். சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது. கடைக்காரர் தன் வேலையைத்தான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அந்தத் தகர ஷெட்டில் நாம் இருவரும் சேர்ந்துதான் ஒரு முழு மெக்கானிக். பிரஸ் மெஷின் மக்கர் செய்தால் நீ அதன் மேல் உள்ளங்கையை வைப்பாய், நான் காது கொடுப்பேன். நீ தொட்டுச் சொல்வாய், நான் கேட்டுச் சொல்வேன். சூப்பர்வைசர் இரண்டையும் தன் கண்டுபிடிப்பாக மேலே சொல்லிக்கொள்வார். அந்த மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக உன் காதுகளை எடுத்துக்கொண்டது. என்னுடையதை ஏன் விட்டுவைத்தது என்று தெரியவில்லை. ருசி இல்லையோ என்னவோ.

ஓய்வு பெற்ற பிறகுதான் அது வம்பானது. வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் வரும் டிக் டிக் உனக்குக் கேட்காது. போட்டதை அணைக்க மறப்பாய். பெருங்களத்தூரில் ஒரு நாள் இடப்பக்கம் மின்னிக்கொண்டே நேராகப் போனாய். நீ திரும்பிவிடுவாய் என்று நம்பி, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஆட்டோ ரோட்டில் ஏறியது. சென்னையில் இண்டிகேட்டரை நம்பும் ஒரே ஆட்டோக்காரர் உனக்கென்று வாய்த்தார். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாய். அன்றே உன் மகள் சாவியை வாங்கிவிட்டாள். "அத்தா, இனிமே பஸ்ல போங்க. வண்டிய வித்துடலாம்."

மறுநாள் பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தாய். வாசலில் செருப்பை விருந்தாளிபோல் ஜோடியாகக் கழற்றி வைத்தாய். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாய். அதை என்னால் பார்க்க முடியவில்லை. அணைக்காவிட்டால் சத்தம் போடும் ஒரு பஸ்ஸரை வண்டியில் வைத்துவிடுவது என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது.

உன் வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினோம். முதலில் இடம், வலம் இரண்டு ஒயர்களையும் நேராக பஸ்ஸரில் சேர்த்துவிட்டோம். எந்தப் பக்கம் போட்டாலும் இரண்டு பக்கமும் மின்னியது. தேர்தல் நேரத்துக் கட்சிக்காரன்போல, எங்கே திரும்பும் என்று வண்டிக்கே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு ஒயரிலும் ஒரு டயோடு வைத்தாய். மின்சாரம் ஒரு வழிப் பாதையில் ஒழுங்காகப் போயிற்று. அந்த விதத்தில் அது நம் ஜனங்களைவிட மேல்.

"இன்னா மச்சான், கத்துதா?"

"தெருவுக்கே கேக்குதுடா" என்று உன் முகத்துக்கு நேரே வாயசைத்துச் சொன்னேன்.

"அப்போ ஓகே."

கை கொடுத்துக்கொண்டோம். உன் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். "மாமா, காது கேக்காதது அத்தாவுக்கு. டெஸ்ட் பண்ணது நீங்க."

எத்தனையோ வருஷத் தொழில் பழக்கம். கேட்பது என் வேலை என்று நீ விட்டுவிட்டாய், நானும் கேட்டுவிட்டேன். இருவரும் அவரவர் வேலையைக் குறையில்லாமல் செய்து முடித்திருந்தோம்.

நான் அசடு வழிய நின்றேன். நீ பஸ்ஸரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போனாய். உன் பேரன் உடைத்துப் போட்ட கேம் ரிமோட்டோடு வந்தாய். அதற்குள் இருந்த, உதறும் சின்ன மோட்டாரைக் கழற்றி, அதற்கேற்ப மின்சாரத்தைக் குறைத்து, இடது கைப்பிடிக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினாய். இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் அதுவும் உதறியது.

"வண்டியே ஆடுதேடா, இதுல அது எங்க தெரியும்?" என்று வாயசைத்து, கையையும் ஆட்டிக் காட்டிக் கேட்டேன்.

"வண்டி நடுங்குது மச்சான். இது துடிக்குது. ரெண்டும் வேற. நீ சும்மா இரு, இது என் டிபார்ட்மென்ட்."

உன் மகள் சாவியைக் கொடுத்தாள், ஆனால் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் என் வண்டியில் பின்தொடர்ந்தேன். பொத்தேரி வரைக்கும் உன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வந்ததில் நான்தான் இரண்டு பேரை இடிக்கப் பார்த்தேன். நீ லேன் மாறுவாய், மஞ்சள் விளக்கு மின்னும், நேரானதும் அணையும். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அத்தனை வண்டிகள் ஓடும் ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்று சொன்னபடி நடந்துகொண்ட ஒரே இண்டிகேட்டர் உன்னுடையது. யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

திரும்பி வந்ததும் உன் மகள் சாவியைக் கேட்கவே இல்லை. "ஹார்ன மட்டும் கொஞ்சம் கம்மியா அடிக்கச் சொல்லுங்க மாமா" என்றாள். நீ கடைசிவரைக்கும் என் வீட்டுக்கு உன் வண்டியில்தான் வந்தாய். செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று படியிலுமாகக் கிடக்கும்.

இப்போது வண்டி அவளிடம். சர்வீஸ் கடையில் அந்த மோட்டாரைக் காட்டி, இது எதுக்கு மேடம், கழட்டிடவா என்று கேட்டார்களாம். "கை வெக்காதீங்க" என்றாளாம். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எனக்கு உன்னால் ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது. எங்கள் அடுக்ககத்தில் புது லிஃப்ட், புது கேட், எது வந்தாலும் எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு, "இதைப் பயன்படுத்தப் போறவங்க கைய வெச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்கிறேன். கூட்டம் நீண்டுபோகிறது. டீ ஆறுகிறது. என்னைப் பார்த்தாலே சங்கச் செயலாளர் முகம் சுருங்குகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.