முதலில் ஊசியைப் போடுங்கள்

அக்டோபர் 3

என்னங்க,

சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? மகள் வீட்டில் எல்லோரும் நலம். போனில் பேசினால் குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஃப்ளூ ஊசியை இந்த வருடமாவது போட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் அந்தக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, உங்களுக்கு ஆக்ஸிஜன் வைத்தபோது எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வயதானவர்கள் வருடா வருடம் போட வேண்டுமாம். நம் தெருமுனை கிளினிக் நர்ஸ் தங்கமான பெண், வலிக்காமல் போடுவாள்.

உங்கள் வீட்டுக்காரி

அக்டோபர் 11

வீட்டுக்காரிக்கு,

பத்து நாளில் வருகிறேன் என்று போனவள் நான்கு மாதமாக வரவில்லை. அக்கறை மட்டும் தபாலில் வருகிறது. என்ன விஷயம்?

ஊசி போட்டால்தான் காய்ச்சலே வருமாம், பூங்காவில் நடக்க வருகிறவர் சொன்னார். மாப்பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியில் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாரா? அந்த நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. அவள் தங்கம் என்று உனக்கு யார் சொன்னது? ரயிலில் டிக்கெட் பார்த்தே தலை நரைத்தவன் நான். என்னிடம் கதை விடாதே.

உன் கணவன்

அக்டோபர் 19

என்னங்க,

நர்ஸைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காதான் போனில் சொன்னார். கணக்கு வாத்தியாரான மாப்பிள்ளைக்கு எந்த மருந்துக் கம்பெனியில் ஆள் இருக்கும்? அந்த ஊசியால் ஃப்ளூ வராது. கை ஓரிரு நாள் வலிக்கும், சிலருக்கு உடம்பு லேசாகக் கணகணக்கும், அவ்வளவுதான். முதலில் ஊசியைப் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வீட்டுக்காரி

அக்டோபர் 27

‘மற்றது’ என்றால் என்ன என்று கேட்கத்தான் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

நேற்று ஊசி போட்டுக்கொண்டேன். நர்ஸ் என்னைப் பார்த்ததுமே, “டிக்கெட் செக்கர் ஐயாதானே? அம்மா போன வாரமே வந்து போட்டுக்கிட்டாங்க. நீங்க நிறைய கேள்வி கேப்பீங்க, பொறுமையா பதில் சொல்லுன்னாங்க” என்றாள். மகள் ஊர் ஒரு ராத்திரிப் பயணம். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

இந்த ஊரில்தான் இருக்கிறாய். யாரோடு இருக்கிறாய்?

நவம்பர் 2

என்னங்க,

ஊசி போட்டுக்கொண்டீர்களே, அந்த மட்டில் நிம்மதி. நர்ஸிடம் உங்களைப் பற்றிச் சொன்னால் குட்டு வெளிப்படும் என்று தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் அவளைப் படுத்தும் பாட்டில் ஊசி போடாமலே திரும்பிவிடக் கூடாதே என்று பயம்.

யாரோடும் இல்லை. பேக்கரி மாடியில் ஓர் அறை. பள்ளிச் சீருடை தைக்கிறேன். என் கடிதங்களை மகள்தான் அங்கிருந்து தபாலில் போட்டாள், உங்கள் கடிதங்களையும் அவள்தான் எனக்கு அனுப்பி வைத்தாள். அவளைத் திட்டாதீர்கள், நான்தான் கெஞ்சினேன்.

கடைக்குப் போனால் ஏன் இவ்வளவு நேரம், பால்காரரிடம் என்ன சிரிப்பு, போனில் யார். கல்யாணமான நாளிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இங்கே கதவைத் திறந்து உள்ளே வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் நாள் அதற்காகவே அழுதேன்.

ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். யாரோடு என்று கேட்டீர்கள். இந்த வயதிலும் உங்களுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வருடமும் மறக்காமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நான் வர மாட்டேன்.

மகளின் அம்மா