ஒட்டகச்சிவிங்கிப் படம்

ஒடென்சே
21.06.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

முகாமில் தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்கிறதா? கால் காயம் ஆறிவிட்டதா? நாங்கள் நால்வரும் கர்த்தர் கிருபையால் சுகம்.

பிள்ளைகளின் படம் கேட்டீர்கள். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். மே பத்தாம் திகதி இங்குள்ள மிருகக்காட்சிச்சாலையில் என் கைத்தொலைபேசியால் எடுத்தது. ஹன்னாவும் நேதனும் ஒருநாளும் சேர்ந்து அசையாமல் நிற்க மாட்டார்கள். அன்று நின்றார்கள்; பின்னால் ஒட்டகச்சிவிங்கியும் தலையைக் குனிந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. தெரியாத, நீளமான இலக்கம். படம் தவறிவிடும் என்று அழைப்பை வெட்டிவிட்டேன்.

அது சண்டைக்குள் அகப்பட்டிருந்த தம்பி நேசன் என்று முகாமிலிருந்து நீங்கள் போனில் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

"சாகிறதுக்கு முதல்நாள் ஆரோ ஒராளின்ர போனில உனக்கு எடுத்தவன். கதைச்சவனோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அம்மா, உங்களைக் கவனமாப் பாக்கச் சொன்னவன்" என்றேன்.

பொய் அம்மா. அவன் குரலையே நான் கேட்கவில்லை. உங்கள் மருமகளுக்கும் இது தெரியாது. அந்த வார்த்தையை முகாமில் எல்லாரிடமும் சொல்லி அழுகிறீர்கள் என்று சித்தி எழுதியிருக்கிறா. இனி மறைக்க முடியவில்லை.

படத்தைப் பார்க்க மனம் வராவிட்டால் கிழித்துவிடுங்கள். ஆனால் அவனுக்குப் போன் கொடுத்த ஆள் முகாமில் இருந்தால் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எனக்குச் சொல்ல இருந்ததை அவரிடமாவது சொல்லியிருப்பான்.

வேலைக்குப் பஸ் வரப் போகிறது.

உங்கள் மூத்தவன்,
தேவகுணம்