சுனந்தா மாட்டிப் பார்த்த பை

12-3-1985, செவ்வாய்

இரண்டு மாதமாக விற்காமல் கிடந்த எங்கள் பெண்கள் கைப்பையைக் கடைக்காரர் இன்று எடுத்துக்கொண்டார். இன்னும் இருநூறு வேண்டுமாம். நிறுத்திவைத்த ஆட்களைத் திரும்பக் கூப்பிடலாம்.

காரணம் சுனந்தா. என் தாராவிப் பட்டறையில் எல்லோரும் எங்கள் ஊர் ஆண்கள். நூல் வெட்ட இந்த மராத்திப் பெண்ணைச் சேர்த்தபோது மேஸ்திரி காசிம் முறைத்தார். “பொம்பள இருந்தா நாங்க எப்படி மொதலாளி வாய்விட்டுப் பேசுறது?”

போன வாரம் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இந்தியில் சொன்னாள்: “சேட், ஜிப் வெளிப்பக்கம் இருக்கு. டிரெயின் கூட்டத்துல எவனாவது தெறந்துருவான். உடம்புப் பக்கம் வைங்க.”

மறுநாள் காசிமே ஜிப்பைப் பிரித்து உடம்புப் பக்கம் தைத்து அவளிடம் நீட்டினார். “மாட்டிப் பாரும்மா.”

ஒன்பது ஆண்கள் இத்தனை வருடம் பெண்களுக்குப் பை தைத்திருக்கிறோம். ஒரு பெண்ணிடமும் கேட்டதில்லை. என் மனைவி ஆயிஷாவுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு பை கொடுத்தேன். இன்றுவரை மார்க்கெட்டுக்குத் துணிப்பையோடுதான் போகிறாள். சிக்கனம் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நன்றாகத் தூங்குகிறாள். காலையில் கேட்க வேண்டும்.