சந்தனம் வைத்த ரிவால்வர்

ஐப்பசி, புதன்கிழமை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்பா இறந்தபின் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த ரிவால்வரை விற்க, இன்று புதுக்கோட்டையில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். விற்பதற்கான அனுமதி என் பெயரில். கடைக்காரரோ என் வீட்டுக்காரரிடமே பேசினார்.

"குழல்ல என்னங்க சார் இம்புட்டுத் துருப்புள்ளி?"

"ஆயுத பூசைக்கு அப்பா சந்தனம் குங்குமம் வைப்பாங்க," என்றேன் நான்.

அவர் சிரித்தார். "துப்பாக்கிக்குப் போயி சந்தனமா? ஈரம் அரிச்சிருச்சு சார். போன்ல சொன்ன விலை கட்டாது. பாதிதான்."

ஒரு தடவைகூட யாரையும் நோக்கி நீட்டாத மனிதர் அப்பா. அவர் அதைக் கும்பிட்டது குற்றமாம்! லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும், இவளுக்கு வேறு போக்கிடம் ஏது என்ற நினைப்பு கடைக்காரருக்கு. எங்கள் திருவரங்குளம் பக்கம் லைசென்ஸ்காரர் ஒருவர்கூடவா இருக்க மாட்டார்?

கடையின் பணம் வைக்கும் இரும்புப் பெட்டியிலும் பூசைச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"அப்ப அந்தப் பெட்டியவும் பாதி விலைக்குத் தருவீங்களா?" என்றேன்.

அவர் மறுபடி என் வீட்டுக்காரர் பக்கமே திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

"என்னைய ஏங்க கேக்குறீங்க? அது அவ துப்பாக்கி," என்றார் இவர்.

அப்போதுதான் கடைக்காரர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். நான் ரிவால்வரைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.