மலைக் காரில் நீ கழற்றிய வால்வு

என் உயிர் மாப்ளே காதர்,

நீ கண்ணை மூடிய பிறகு நம் பட்டறைக்கு வந்த முதல் வம்பு உன்னால்தான் வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கொடைக்கானல் டாக்டரம்மா தன் சீமைக் காரைக் கொண்டுவந்து விட்டார். ஹீட்டரில் வெறும் குளிர்காற்றுதான் வருகிறதாம். பிரசவமான ஒரு பெண்ணையும் பிள்ளையையும் மழையில் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்குள் பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டதாம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. "மார்கழி வருது அருளப்பன். முடியலேன்னா இப்பவே சொல்லிருங்க, மதுரைக்குக் கொண்டு போறேன்" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாய்.

திண்டுக்கல் வெயிலில் ஹீட்டரைச் சோதிப்பது போல் ஒரு கூத்து உண்டா? முடுக்கியதுமே அனலாய் அடித்தது. வெளிக்காற்றே அப்படித்தானே! சட்டை நனைந்ததுதான் மிச்சம். மறுநாள் காரை மலைக்கே ஓட்டிப் போனேன்.

மேலே ஏரிப் பக்கம் போனதும் பல் கிட்டிவிட்டது. விசிறி நன்றாகச் சுற்றியது. ரேடியேட்டரில் தண்ணீரும் நிறைய இருந்தது. ஹீட்டருக்குப் போகிற குழாயையும் திரும்பி வருகிற குழாயையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டு, ஒன்று சில்லிட்டிருந்தால் நடுவே அடைப்பு. இரண்டுமே குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இருந்தன. அப்படியென்றால் என்ஜின் தண்ணீரே சூடேறவில்லை. சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற வால்வு கெட்டிருக்கும் என்று மூடியைக் கழற்றினேன்.

வால்வே இல்லை, மாப்ளே. தண்ணீர் கசியாமல் இருக்க, செருப்புப் பெட்டி அட்டையில் வெட்டிய பேக்கிங் மட்டும் இருந்தது. சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டி வெட்டிய உன் வெட்டு எனக்குத் தெரியாதா? "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு மச்சான், என்ஜின் கொதிச்சுப் போகும்" என்று வருகிற சீமைக் காரிலெல்லாம் அதைப் பிடுங்கி டப்பாவில் போடுவாயே! இது மலைக்குப் போகிற கார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

திரும்பி வந்து, உன் டப்பாவில் அந்தக் காருக்கு உரியதைத் தேடி எடுத்து, பட்டறைப் பின்கட்டில் இருக்கிற உன் வீட்டில், கொதிநீரில் போட்டுப் பார்க்கச் சொல்லி பாத்திமாவிடம் கொடுத்தேன். "என்னண்ணே, வெஞ்சனச் சட்டியில இரும்பைப் போடச் சொல்றீக?" என்றாள் உன் பெண்டாட்டி. தண்ணீர் கொதி வரும்போது வால்வு மெல்லத் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. நல்ல வால்வுதான். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "டாக்டரம்மாட்ட சொல்லித்தான் ஆகணுமா? எங்க வீட்டுக்காரவுக பேரு கெட்டுப் போயிருமே."

இறந்தவன் மேல் குற்றம் சொல்ல எவனுக்கு மனசு வரும்? ஆனால் அந்தப் பிள்ளையின் உதடு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வால்வை மாட்டி மறுபடி மலையேறினேன். ஹீட்டர் கணகணவென்று அடித்தது. டாக்டரம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இங்க இன்னும் எத்தனை காருல இப்படி எடுத்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். டப்பா நிறைய அல்லவா போட்டு வைத்திருக்கிறாய்!

பட்டறைக்குத் திரும்பி வந்து, அவர் கேட்டதைப் பாத்திமாவிடம் சொன்னேன். அவள் அந்த டப்பாவைத் தூக்கி என் கையில் வைத்தாள். "மலைக் காரு அம்புட்டுலயும் மாட்டிட்டு வாங்கண்ணே."

நாளைக்குக் கிளம்புகிறேன். நம்மிடம் வந்த மலைக் கார் இருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மார்கழி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் மாட்டி முடிப்பேன். இது சத்தியம். டாக்டரம்மாவிடம் உன் பேரைச் சொன்னதோடு சரி. இனி யார் கேட்டாலும், "நாங்க கழட்டுனோம், நாங்களே மாட்ட வந்திருக்கோம்" என்றுதான் சொல்வேன்.

உன் மச்சான்,
அருளப்பன்